கண்டு சரிஞ்சால் தண்டைப் பாருங்கோ

செடி ஒண்டு வாடினால் எல்லாரும் பார்க்கிறது இலையைத்தான். இலை சுருண்டிருக்கா, மஞ்சளா இருக்கா, புள்ளி விழுந்திருக்கா எண்டு பார்த்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குறூப்பில போட்டு, "இதுக்கு என்ன அடிக்கலாம்?" எண்டு கேட்பது வழமை. பதிலும் இரண்டு வகைதான். ஒண்டு, தண்ணி காணாது, தண்ணி விடுங்கோ. மற்றது, ஏதோ ஒரு மருந்தின்ர பெயர். கடந்த மாரியில் நாங்கள் குடியிருக்கிற வளவில் நடந்ததைப் பார்த்த பிறகு, இந்த இரண்டு பதிலும் எத்தினை கண்டுகளைக் கொண்டிருக்கும் எண்டு யோசிக்க வேண்டியிருக்கு. தண்டில் பிடிக்கிற நோய் இலையில் தெரிய வாறபோது பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

நாங்கள் நாலு பேர், நாலு பேரும் கலைப்பீடம். திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் இருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை எடுத்து இருக்கிறம். விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறதால பக்கத்து அறையில் கேட்டுப் படிக்க ஆளில்லை. வீட்டுக்கார அன்ரி நாற்று வித்துச் சீவிக்கிறவா. மிளகாய், கத்தரி, தக்காளி. மூண்டு மேடையும், ஒரு மேசையில் அடுக்கின நாற்றுத் தட்டுகளும். 2022 ஆனியில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு வெள்ளிக்கிழமை லீவு குடுத்த காலத்தில், எல்லாரும் கண்டு தேடித் திரிய, அன்ரி தொடங்கின தொழில் இது. அப்ப நாங்கள் ஏஎல் படிச்சுக்கொண்டு பெற்றோல் கியூவில் நிண்ட ஆக்கள். தோட்டம் செய்யிற அலை ஓய்ஞ்சாலும் அன்ரியின்ர மேடை ஓயேல்லை. மகனின்ர ரியூசன் காசு அதிலதான் போகுது.

கார்த்திகையில் மூண்டு நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலமை மிளகாய் மேடையின் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குக் கண்டுகள் படுத்திருந்தன. இலை பச்சை, ஒரு வாட்டமும் இல்லை. "மழை அடிச்சு விழுத்திப் போட்டுது பிள்ளையள், வெயில் வர நிமிரும்" எண்டு அன்ரி சொன்னா. அடுத்த நாள் கோப்பை தாம்பாளம் ஆகியிருந்தது. எங்களில் ஒருத்தி, புவியியல் படிக்கிறவள், அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். மழை விழுத்தினால் மேடை முழுக்க ஒரே பக்கமாகச் சரியும், அல்லது ஓட்டுத் தாவாரத்தால் தண்ணி விழுந்த கோட்டில் சரியும். ஒரு புள்ளியில் தொடங்கி வெளியே பரவுகிற வட்டம் எண்டால் அங்க ஏதோ உயிர் இருக்கு.

ஒரு கண்டைப் பிடிச்சு இழுத்தோம். வேர் மண்ணுக்குள் நிக்க, மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நீர்ப்பிடிச்சு, நூல் மாதிரி ஒடுங்கி, விரலால் தேய்க்கத் தோல் கழண்டது. இதுதான் நாற்றழுகல். விதை முளைச்சு முதல் இரண்டு மூண்டு கிழமைக்குள் வருகிற நோய். சில நேரம் முளை மண்ணை விட்டு வெளிய வரமுதலே அழுகிப் போகும். அப்ப "விதை கூடாது" எண்டு விதைக் கடைக்காரரைத்தான் திட்டுவினம். தண்டு தடிச்சு, இரண்டு மூண்டு நிஜ இலை வந்து முற்றின பிறகு இந்த நோய் அவ்வளவு இலேசில் பிடிக்காது. அதனால இது ஒரு கால எல்லைக்குள் நடக்கிற போட்டி. கண்டு முற்றுகிறது முந்துதா, மண்ணில் இருக்கிறது முந்துதா எண்டதுதான் விசயம்.

சரிஞ்ச கண்டு எல்லாம் நாற்றழுகல் இல்லை. தண்டு கத்தியால் வெட்டின மாதிரி, அழுகல் இல்லாமல் அறுபட்டுக் கிடந்தால் பக்கத்து மண்ணை இரண்டு விரல் ஆழம் கிண்டுங்கோ. சுருண்டு படுத்திருக்கிற கறுத்த வெட்டுப்புழு ஒண்டு கிடைக்கும். அது இரவில் வந்து வெட்டிப் போட்டுப் பகலில் ஒளிச்சிருக்கும். தண்டு வெளிறி, நெட்டையாக வளர்ந்து, தன்ர பாரம் தாங்காமல் சாய்ஞ்சிருந்தால் அது வெளிச்சக் குறைவு. கடும் வெயிலில் மண் சுட்டும் அடித்தண்டு ஒடுங்கும், ஆனால் அங்க ஈரமான அழுகல் இருக்காது. முற்றாத எருவுக்குக் கிட்ட நிண்ட கண்டுகள் மட்டும் கருகியிருந்தால் குற்றவாளி எரு. இவ்வளவையும் பிரிச்சுப் பார்க்க ஒரு கையும் ஐஞ்சு நிமிசமும் காணும். ஆனால் குனிய வேணும். நிண்டபடி எடுத்த போட்டோவில் இது ஒண்டும் தெரியாது.

அன்ரி அதுக்குள்ள கடைக்குப் போய் ஒரு பை மருந்து வாங்கி வந்திட்டா. கடைக்காரர் கண்டைப் பார்க்கவில்லை, "அழுகலோ, இதை அடியுங்கோ" எண்டு குடுத்து விட்டிருக்கிறார். இங்கதான் பெயர் தெரிய வேண்டிய தேவை வருகுது. நாற்றழுகலை ஒரே கிருமி உண்டாக்குவதில்லை. ஈரமாக, கொளகொளவெண்டு அழுகினால் பெரும்பாலும் பித்தியம். அது பங்கசு மாதிரி இருந்தாலும் உண்மையில் பங்கசே இல்லை, கபில அல்காக்களுக்குக் கிட்டின சாதி. அதின்ர வித்திகள் தண்ணியில் நீந்திப் போகும். மண்ணில் தேங்கின தண்ணி அதுக்கு ரோட்டு மாதிரி. தண்டில் செங்கபில நிறத்தில், கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி, உள்ளே குழிஞ்ச காயம் எண்டால் றைசொக்ரோனியாவாக இருக்கலாம். இது உண்மையான பங்கசு, நூல்நூலாக மண்ணுக்குள்ளால பரவும், இவ்வளவு ஈரம் தேவையில்லை. கோவா நாற்றுகளில் தண்டைக் கம்பி மாதிரி ஆக்கி விடுகிறதும் இதுதான். காபென்டசிம் வகை மருந்து பித்தியத்தை ஒண்டும் செய்யாது. மெற்றலக்சில் பித்தியத்தை அடக்கும், றைசொக்ரோனியாவைத் தொடாது. ஆக, பெயர் தெரியாமல் அடிச்சால் காசும் போய் கண்டும் போகும்.

இன்னொண்டும் போகும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக் கல். மேல ஊத்துகிறது கீழே இறங்க அதிகம் மினக்கெடத் தேவையில்லை. எங்கட கிணறுகளில் நைத்திரேற்று கூடிப் போனதுக்குத் தோட்டத்துக்குக் கொட்டின உரமும் ஒரு காரணம் எண்டு கன காலமாகச் சொல்லி வருகினம். அன்ரியின்ர மேடைக்கும் கிணத்துக்கும் இடையில் பத்து அடி கூட இல்லை. அந்தக் கிணத்துத் தண்ணியில்தான் நாங்கள் நாலு பேரும் தேத்தண்ணி வைக்கிறம். 2021 வைகாசியில் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் தடை செய்து, கார்த்திகையில் திரும்ப விட்ட கூத்தை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அந்த ஆறு மாதம் கமக்காரரின் வயித்தில அடிச்சது. ஆனால் "மருந்தே வேண்டாம்" எண்டதுக்கும் "எதுக்கும் மருந்து" எண்டதுக்கும் நடுவில், எது நோய் எண்டு பார்க்கிற ஒரு வேலை இருக்கு. அந்த வேலையை ஒருவரும் சொல்லித் தரவில்லை எண்டதுதான் எங்கட கோபம்.

பையை உடைக்காமல் வைச்சிட்டு வேற வேலை செய்தோம். சரிஞ்ச வட்டத்தை, அதைச் சுத்தி நல்லா நிண்ட கண்டுகள் ஒரு சாண் அகலத்தோடு, மண்ணையும் சேர்த்து அள்ளிச் சொப்பிங் பையில் கட்டினோம். நல்ல கண்டுகளைப் பிடுங்கேக்க அன்ரிக்கு முகம் மாறினது. மேலே போட்டிருந்த கிடுகை எடுத்துக் காத்துப் பட விட்டோம். நெருக்கமாக நிண்டதுகளை ஐதாக்கினோம். மேடையைச் சுத்தித் தண்ணி வடிய ஒரு வாய்க்கால். பிறகு இரண்டு நாள் தண்ணியே இல்லை. அதுக்குப் பிறகும் காலமையில் மட்டும், பின்னேரம் இலையும் மண்ணும் காய்ஞ்சு இருக்க வேணும். மழை வந்தால் மேல பொலித்தீன், நிண்டால் உடன எடுக்க வேணும். பொலித்தீனை மூடி மறந்தால் அதுக்குள்ள வாற புழுக்கம் மழையை விடக் கூடாது. மருந்து இல்லாமல் அந்த மேடையில் அரைவாசிக்கு மேல் தப்பினது. யூரியூப்பில் ஒருவர் கறுவாத்தூள் தூவச் சொன்னார். கறுவாவில் பங்கசைத் தடுக்கிற சத்து இருக்கிறது உண்மைதான், ஆனால் ஊறிப் போன மண்ணில் மேலால தூவின கறுவா, கறிக்கு ஆகியிருக்கலாம்.

அன்ரியின்ர அம்மா காலத்தில் விதை போட முதல் மேடைக்கு மேல் வைக்கலும் உமியும் அடுக்கடுக்காகப் போட்டு எரிக்கிறவையாம். சாம்பல் சத்துக்கு எண்டு அன்ரி நினைச்சிருந்தா. மேல் மண்ணைச் சுட்டு அதில் இருக்கிறதைக் கொல்லுகிற வேலை அது. விவசாயத் திணைக்களமும் நாற்றுமேடைக்கு அதையே சொல்லுது. எரிக்க விருப்பமில்லை எண்டால் சித்திரை வெயில் இருக்கு. மண்ணை நனைச்சு, நிறமில்லாத பொலித்தீனால் ஓரத்தை இறுக்கி மூடி, நாலில் இருந்து ஆறு கிழமை விட வேணும். கறுப்புப் பொலித்தீன் சரிவராது, வெயில் உள்ளே போக வேணும்.

நாற்றழுகல் சின்னப் பிரச்சினை எண்டு பிறகுதான் விளங்கினது.

மார்கழி நடுப்பகுதியில், அன்ரி வீட்டுப் பாவனைக்கு வைச்சிருந்த தக்காளியில் இரண்டு செடி மத்தியானம் வாடின. பூத்து நிண்ட செடிகள். பின்னேரம் நிமிர்ந்தன. அடுத்த நாள் மத்தியானம் திரும்ப வாட்டம். அன்ரி வாளியோடு போனா. மண்ணுக்குள் விரலை விட்டால் ஈரம் நல்லா இருந்தது. ஈரமான மண்ணில் பச்சை இலையோடு வாடுகிற செடிக்குத் தண்ணி விடுகிறது, நோய்க்குத் தீன் போடுகிற மாதிரி. மூண்டாம் நாள் இரண்டும் நிமிரவே இல்லை. இலை அப்பவும் பச்சைதான்.

அடித்தண்டைப் பார்த்தோம். வெள்ளைப் பஞ்சு மாதிரிப் படலமும், அதில் கடுகு மாதிரி கபில உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளரோசியம். கச்சான் வைக்கிற ஆக்களுக்கு வடிவாத் தெரியும். 1892 இல் புளோரிடாவில் தக்காளியில் அதைப் பார்த்து எழுதின றோல்ஃப்ஸ் எண்டவரின்ர பெயரைத்தான் பிறகு அந்தப் பங்கசுக்கு வைச்சவை. நோய்க்குத் தன்ர பெயர் வைக்கிறது மரியாதையா எண்டு தமிழ் படிக்கிறவள் கேட்டாள். எங்கட செடியில் அந்தக் கடுகு இல்லை. வெளியில் ஒண்டுமே இல்லை. பிளேட்டால் தண்டை நெடுக்காகப் பிளந்தோம். உள்ளே, தண்ணி ஏறுகிற குழாய்கள் இருக்கிற இடம் கபிலமாக இருந்தது.

கபிலம் எண்டால் இரண்டு சாத்தியம். ஃபியுசேரியம் எண்ட பங்கசு, அல்லது றால்ஸ்ரோனியா எண்ட பற்றீரியா. ஃபியுசேரியம் எண்டால் பெரும்பாலும் கீழ் இலைகள் முதல் மஞ்சளாகும், சில நேரம் ஒரு பக்கம் மட்டும். பற்றீரியா எண்டால் மஞ்சளாக நேரமே குடாது. இதைப் பிரிக்கிறதுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு கண்ணாடிக் கிளாஸ் காணும். அடித்தண்டில் மூண்டு அங்குலத் துண்டு வெட்டி, கிளாஸில் தெளிஞ்ச தண்ணி எடுத்து, வெட்டுமுனை தண்ணியைத் தொடுகிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் இருக்க வேணும். நாங்கள் கிளாஸை யன்னல் கட்டில் வைச்சு, பின்னால ஒரு கறுத்தக் கொப்பி மட்டையைப் பிடிச்சோம். இரண்டு நிமிசம் போயிருக்காது. வெட்டுமுனையில் இருந்து வெள்ளையாக, பால் நூல் மாதிரி ஒண்டு மெதுவாகக் கீழே இறங்கினது. பிறகு இன்னொண்டு.

"உதென்ன பிள்ளையள், பால் வடியுது?" எண்டு அன்ரி கேட்டா. அவ்வளவும் பற்றீரியா. செடிக்குள் தண்ணி ஏறுகிற குழாயை அடைச்சு நிண்டது அதுதான். தண்ணி இல்லாமல் செடி வாடேல்லை, தண்ணி ஏற வழியில்லாமல் வாடினது. 1896 இல் ஏர்வின் ஸ்மித் எண்ட அமெரிக்கர் இதை விபரிச்சு எழுதினவர். அதுக்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல் போயும் வயலில் இதைக் குணமாக்குகிற மருந்து ஒண்டும் இல்லை. பங்கசுநாசினி அடிச்சால் தண்ணி அடிச்சதுக்குச் சமம். பிடிச்ச செடியை வேரோடும் மண்ணோடும் எடுக்க வேணும், கிருமி மண்ணில் வருசக்கணக்காக இருக்கும், தண்ணியோடும் மண்வெட்டியோடும் செருப்பில் ஒட்டின மண்ணோடும் போகும். நாற்றோடும் போகும்.

அந்தக் கடைசி வசனத்தில்தான் எல்லாரும் பேசாமல் நிண்டது. தக்காளி நிண்ட பாத்தி மேட்டில. அதின்ர தண்ணி வடிஞ்சு போறது கத்தரி நாற்று மேடைப் பக்கம். அந்த மேடையில் ஆயிரத்துக்குக் கிட்டக் கண்டு, நட வாற பதத்தில். தோட்டக்காரர் ஒருவர் முற்பணம் குடுத்து, சனிக்கிழமை வந்து ஏத்துவன் எண்டு சொல்லியிருந்தார்.

கண்டுகளைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கடும் பச்சை, தடிச்ச தண்டு. நாலு கண்டு பிடுங்கி வெட்டிப் பார்த்தோம், ஒண்டிலும் நூல் வரவில்லை. ஆனால் அது ஒண்டையும் நிரூபிக்காது. வேருக்குள் கிருமி போயும் வெளியில் ஒரு அறிகுறியும் காட்டாமல் கண்டு நிக்கலாம், நட்டுக் காய்க்கத் தொடங்கின பிறகு வாடலாம். எங்களுக்குள்ளயே வாக்குவாதம். பொருளியல் படிக்கிறவள், "நிச்சயமாத் தெரியாத ஒண்டுக்காக அன்ரி ஏன் ஒரு மாத உழைப்பை எறிய வேணும், சந்தையில் விக்கிற ஒருவரும் இதைப் பார்க்கிறதில்லையே" எண்டாள். அது பிழையான கேள்வி இல்லை. வாடகைக்கு இருக்கிற நாங்கள் அன்ரியின்ர காசில் நேர்மை பேசுறது சுகம். மற்றப் பக்கம், அந்தத் தோட்டக்காரரின்ர நிலத்துக்கு இது ஒருக்காப் போனால் அங்க கத்தரி மட்டும் போகாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கிருமிக்குச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் காசு தாற பயிர்களில் அரைவாசி அந்தக் குடும்பத்துக்குள்தான் நிக்குது. "போன முறை மிளகாய், இந்த முறை கத்தரி, பயிர் மாத்திறன்தானே" எண்டு சொல்லுறவர் உண்மையில் ஒண்டையும் மாத்தவில்லை.

அன்ரி எங்கட வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு ஒண்டும் சொல்லவில்லை. கமநல சேவை நிலையத்தில் இருக்கிற விவசாயப் போதனாசிரியருக்குப் போன் எடுத்தா. (எடுக்க ஆள் தெரியாதவை 1920 க்கு அடிக்கலாம், அது விவசாயத் திணைக்களத்தின்ர ஆலோசனை இலக்கம்.) அவர் அடுத்த நாள் வந்து, தானும் ஒரு செடி வெட்டிக் கிளாஸில் பார்த்து, மேடையில் நிக்கிறதை விக்க வேண்டாம் எண்டார். தட்டில் நிக்கிறது பிரச்சினை இல்லை, அது தும்புத்தூளில், மேசைக்கு மேல, வேற தண்ணியில் வளர்ந்தது. அன்ரி அவரிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு. "அப்ப இந்த நட்டம் ஆருக்குச் சேர்?" அவரிட்டப் பதில் இல்லை. மரக்கறிக் கண்டு விக்கிற ஒரு பொம்பிளைக்கு, நோயுள்ள மேடையை நேர்மையாக அழிச்சதுக்கு, ஆர் காசு குடுக்கிறது? அழிக்கச் சொல்ல ஒரு ஏற்பாடு இருக்கு. அழிச்சவரைத் தாங்க ஒண்டும் இல்லை. பிறகு ஆர் கிளாஸில் வெட்டிப் பார்ப்பினம்? பார்க்காமல் விட்டால் விக்கலாமே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரி மேடையைப் பிடுங்கினா. நாங்களும் நிண்டு பிடுங்கினோம். குப்பைக் கிடங்கில் போடவில்லை, எருவாகித் திரும்ப வரும் எண்டதால. காய விட்டு எரிச்சது. மண்வெட்டியையும் கத்தியையும் குளோரின் கலந்த வாளியில் ஊற வைச்சது. முற்பணம் திருப்பிக் குடுபட்டது. தட்டில் நிண்ட இருநூறு கண்டைத் தாறன் எண்டு அன்ரி சொல்ல, தோட்டக்காரர் தனக்கு ஆயிரம் வேணும் எண்டு போட்டார். காரணத்தை அன்ரி மறைக்கவில்லை. "நல்லா நிண்ட கண்டை ஏன் பிடுங்கினனீங்கள்" எண்டு அவர் சிரிச்சார்.

இனி அந்தப் பக்கத்துக்கு என்ன வைக்கிறது எண்டது கணக்கு. வெங்காயம் வைக்கலாம், சோளம், குரக்கன் வைக்கலாம், அவை அந்தக் குடும்பம் இல்லை. ஒரு போகம் காணாது, சில வருசம் தள்ளி நிக்க வேணும். தக்காளி வேணும் எண்டால் கத்தரி அடிக்கட்டையில் தக்காளியை ஒட்டி வைக்கிற முறை இருக்கு. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் இந்த வாடலைத் தாங்குகிற கத்தரி இனங்களைத் தெரிஞ்சு அதைப் பரப்பினது. சுண்டங்கத்தரியிலும் ஒட்டலாம், அதுவும் தாக்குப் பிடிக்கிற செடி. ஊசித் தண்டு இரண்டைச் சரிவாக வெட்டிப் பொருத்திக் கிளிப் போட்டு, ஒரு கிழமை ஈரமான நிழலில் வைக்க வேணும். நாங்கள் பதினைஞ்சு ஒட்டினோம். ஆறு பிடிச்சிருக்கு. விலைக்கு விக்கிற அளவுக்கு வர இன்னும் கை பழக வேணும்.

தோட்டக்காரர் பிறகு வேற இடத்தில் ஆயிரம் கத்தரிக் கண்டு எடுத்திட்டாராம், அன்ரியை விடக் குறைஞ்ச விலைக்கு. அங்க ஒருவரும் தண்டு வெட்டிப் பார்த்திருக்க மாட்டினம். அன்ரி மாசியில் வெங்காயம் நட்டிருக்கிறா. ரியூசன் காசுக்கு ஒரு சங்கிலி அடைவில் இருக்கு.